உதிர்ந்த துண்டின் முதுகு

என் தமக்கை எங்கள் பெற்றோருக்கு இரண்டாவது பெண். எனக்கு ஆறு வயது மூத்தவர். பள்ளியிறுதி முடித்த ஆண்டே ஒரு மரச்சாமான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். ப்ளைவுட் பலகைகளின் மேல் மைக்கா தகடு ஒட்டுவது அவர் வேலை. இன்றும் அதே பட்டறை, அதே வேலை. இருபத்து நான்காம் வயதில் திருமணம். கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். ஒரே மகள். குடும்பப் படங்களில் அக்கா இருப்பவற்றைத் தனியே எடுத்து வயதுவாரியாக அடுக்கினால் ஒன்று தெரியவரும்: இருபது வயதுவரையிலான படங்களில் அவர் வாய்கொள்ளாமல் சிரிக்கிறார், திருமணப் படம் தொடங்கி அதன்பின் வந்த எல்லாவற்றிலும் உதடுகள் இறுக மூடியிருக்கின்றன.

இவ்வளவும் கண்ணால் சரிபார்க்கக்கூடியவை. இவற்றைக் கொண்டு உறவினர் கட்டிய முடிவுகள் வேறு வகை.

எனக்கு முன் குடும்பக் குறிப்புகளை எழுதிவந்தவர் பெரியப்பா. அக்காவுக்கு ஒதுக்கிய பக்கத்தில் அவர், "திருமணத்துக்குப் பின் சிரிப்பை மறந்தாள். கர்வமோ கவலையோ, தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த இரண்டு சொற்களை ஒட்டி வீடும் இரண்டாகப் பிரிந்தது. கர்வம் என்றவர்கள் அக்காவுக்கு 'உம்மணாமூஞ்சி' என்று பட்டம் சூட்டினார்கள். கவலை என்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பெரியம்மா. அவர் பார்வை முழுவதும் அத்தான் மேல்தான் இருந்தது. பார்க்கும்போதெல்லாம், "மாப்ளே, எங்க பொண்ணு நல்லாத்தானே இருக்கா?" என்று ஒரு மாதிரி இழுத்துக் கேட்பார்.

"நல்லா இருக்கா அத்தே. வாரத்துல ஆறு நாள் என்னைத் திட்டுறா. ஏழாவது நாள் எனக்கு டியூட்டி" என்பார் அத்தான்.

எல்லாரும் சிரிப்பார்கள். பெரியம்மா மட்டும் சிரிக்காமல் அக்காவின் முகத்தைப் பார்ப்பார். அக்காவின் உதடுகள் திறக்காது. கவலைக் கட்சிக்கு அது போதாதா?

உண்மைக் காரணம் வாய்க்குள் இருந்தது. அங்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பட்டறை. மைக்கா ஒட்டும் ரப்பர் பசைக்கு ஒரு நெடி உண்டு. அது தொண்டையை வறட்டிவிடும். ஒட்டும் மேசையைச் சுற்றி நிற்கும் எல்லாருக்கும் அதற்கு ஒரே மருந்துதான்: புளிப்பு மிட்டாய். மற்றவர்கள் அதைக் கடித்துத் தின்றுவிடுவார்கள். அக்கா சிக்கனக்காரர். மிட்டாயை மேலுதட்டுக்கும் முன்பற்களுக்கும் இடையே செருகிவைத்து, ஒரு பலகை ஒட்டி முடியும்வரை கரைய விடுவார். காலையில் தொடங்கினால் மாலைவரை உதட்டுக்குள் ஒன்று ஊறிக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் முன்பற்கள் நான்கிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. பல்லின் வெண்மை அல்ல அது. பளபளப்பே இல்லாத சுண்ணாம்பு வெள்ளை. திருமணம் நிச்சயமான நேரத்தில் அவை நன்றாகவே தெரியத் தொடங்கிவிட்டன. அக்கா வாயை மூடிக்கொண்டார். காரணத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அவர் சொல்லாததால் யாருக்கும் தோன்றவுமில்லை.

முப்பத்தொன்பதாம் வயதில் பல் உடைந்தது. ஒட்டிய மைக்காவின் ஓரம் எழும்பாமல் இருக்கக் காகித டேப்பைச் சுற்றுவார்கள். இரண்டு கையும் தகட்டை அழுத்திக்கொண்டிருக்கும்போது டேப்பைக் கிழிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? பட்டறையில் எல்லாரும் பல்லால்தான் கிழிப்பார்கள். அன்று டேப்போடு மேல்வரிசை முன்பல்லின் ஒரு மூலையும் சேர்ந்து வந்தது.

பேருந்து நிலையத்துக்கு எதிரிலுள்ள பல் மருத்துவமனையில் உடைந்த மூலையை ஃபில்லிங்கால் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் அது விழுந்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடி விழுந்தது. அங்கிருந்த மருத்துவர் நல்ல மனிதர். இரண்டாவது முறைக்குப் பணம் வாங்கவில்லை. ஆனால், இந்தப் பல்லில் இனி எதுவும் நிற்காது, சுற்றிலும் ராவிவிட்டுக் கேப் போடுவதே வழி என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்களுக்கு அது வெறும் சிகிச்சை. வாழ்நாள் முழுவதும் ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டி மூடுகிறவருக்கோ அதன் பொருள் நன்றாகத் தெரியும்.

"ராவினா ராவினதுதான். பலகையைச் சீவிட்டா திரும்ப ஒட்டவச்சு வளக்க முடியுமா?" என்று வீட்டில் வாதாடினார் அக்கா. "நல்லா இருக்குற பல்லையும் சேத்துத் தூளாக்கிட்டு, குச்சி மேல தொப்பி மாட்டுற மாதிரி மாட்டுவாங்களாம். எனக்கு வேணாம்."

"அப்ப மூலை இல்லாமலே இருக்கப் போறியா?" என்று கேட்டார் அத்தான்.

"என் பல்லு எனக்கு இருக்கட்டும். வழி இருந்தா பாப்பேன். இல்லாட்டி மூடிக்கிட்டு இருப்பேன். புதுசா என்ன?"

'புதுசா என்ன' என்ற அந்தச் சொல்லை அத்தான் அப்போது கவனிக்கவில்லை. வேறொரு மருத்துவரை விசாரித்துக் கண்டுபிடித்தவர் அவரே. தன் தடத்தில் நாள்தோறும் ஏறும் பயணி ஒருவர் சொல்லி, துணிக்கடைக்கு மாடியில் இரண்டே நாற்காலிகளோடு இருந்த ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். அன்று நானும் உடன் போயிருந்தேன்.

மருத்துவருக்கு அக்காவின் வயதுதான் இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பல்லைப் பார்த்தார். காற்றை ஊதி உலர்த்தி, மறுபடி பார்த்தார். பிறகு கேட்டார்:

"விழுந்த துண்டு இருக்கா? தூக்கிப் போட்டிருப்பீங்க. இருந்தா அதோட பின்பக்கத்தைப் பாக்கணும்."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டறையில் ஒட்டிய தகடு பெயர்ந்து வந்தால் யாரும் முதலில் பசையைத் திட்டமாட்டார்கள். பெயர்ந்ததைத் திருப்பி அதன் முதுகைப் பார்ப்பார்கள். முதுகு வழவழப்பாக இருந்தால் பசை பிடிக்கவில்லை. மரச்சிம்பு ஒட்டிக்கொண்டிருந்தால் பசை பிடித்துவிட்டது, பலகைதான் விட்டுக்கொடுத்தது. அவர்கள் தொழிலின் பாலபாடம் இது. பட்டறைக்கு வெளியே உதிர்ந்த துண்டின் முதுகைக் கேட்ட முதல் ஆள் இந்த மருத்துவர்.

அக்கா கைப்பையிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே பஞ்சின் மேல், விழுந்த இரண்டு ஃபில்லிங் துண்டுகளும் பத்திரமாக இருந்தன.

"முதுகுல வெள்ளையா தோல் ஒட்டிட்டு வந்திருக்கு டாக்டர். அதனால அந்த டாக்டர் மேல தப்பில்ல. அவர் பசை நல்ல பசைதான்."

மருத்துவர் துண்டைக் கண்ணாடியின் கீழ் பிடித்துச் சிரித்தார். "நான் நெனச்சதேதான். தண்ணி குடிச்ச பலகை பாத்திருப்பீங்களே?"

"ஓரம் ஊதிப் போயிருக்கும். மேல பாத்தா பலகை. உள்ள கட்டு விட்டிருக்கும்."

"உங்க பல்லும் இந்தத் திட்டு இருக்குற எடத்துல அப்படித்தான் இருக்கு. எனாமல்ல இருக்குற தாது உப்பு கரைஞ்சு வெளிய போயி, உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. நாங்க பசை வச்சா அது அந்த நோஞ்சான் தோலைத்தான் பிடிக்கும். கடிச்சதும் தோலோட வந்துடும்."

"வந்துடுச்சே, தீப்பெட்டியில" என்றார் அத்தான்.

எனாமல் கரையக் காரணத்தை மருத்துவர் கேட்டார். அக்கா மிட்டாயைப் பற்றிச் சொன்னார். எத்தனை ஆண்டுகளாக என்று கேட்ட மருத்துவர், விடையைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புளிப்பும் சர்க்கரையும் ஒரே இடத்தில் நாள் முழுவதும் ஊறினால் எந்தப் பல்லும் தாங்காது என்றார். கரைந்த உப்பின் ஒரு பகுதியைத் திரும்ப ஊட்ட வழி உண்டு என்றும் சொன்னார். கால்சியம் கலந்த ஒரு களிம்பை இரவும் பகலும் திட்டுகளின் மேல் தடவி வர வேண்டும். சில மாதம் பிடிக்கும். பல் இறுகிய பிறகு ஒட்ட வேண்டும்.

"அப்ப நல்ல பல்லுல ஒட்டுன மாதிரியே நிக்குமா?" என்று கேட்டார் அக்கா.

"பொய் சொல்லமாட்டேன். கெட்டு, திரும்பத் தேறுன பல்லு, கெடாத பல்லுக்கு முழுசா ஈடாகாது. ஆனா பக்கத்துல வந்துடும். அரிச்ச பல்லைவிட எவ்வளவோ மேல. இதுவும் விழுந்துச்சுன்னா, அப்பறம் கேப்தான். வேற வழி என்கிட்ட இல்ல."

அக்கா தலையசைத்தார். பேருந்தில் திரும்பும்போது மிட்டாய்ப் பொட்டலத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து அத்தானின் சட்டைப் பையில் போட்டார்.

"இனிமே இது உங்க பாடு."

"என் பல்லு மட்டும் இரும்பா?" என்றார் அத்தான்.

அடுத்த மாதங்கள் வீட்டுக்குச் சோதனைக்காலம். மிட்டாய் இல்லாத அக்காவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. பட்டறையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். கழுத்தில் கயிறு கட்டி ஒரு சிறு கத்தரிக்கோலைத் தொங்கவிட்டுக்கொண்டார், டேப் வெட்டுவதற்கு. "தையல் கடைக்கு வேலை மாறிட்டியா?" என்று சிலர் கேலி செய்தார்கள். மாதம் ஒருமுறை மருத்துவர் பல்லை உலர்த்திப் பார்த்தார். திட்டின் ஓரங்கள் சுருங்கின. சுண்ணாம்பு வெள்ளையில் மெல்ல ஒரு மினுக்கம் ஏறியது. நான்காம் மாதம் ஒட்டுவதற்கு நாள் குறித்தார்கள்.

அந்த நாளில் நடந்ததை நான் நேரில் காணவில்லை. உடன் இருந்த அத்தான் சொன்னபடியே எழுதுகிறேன்.

அக்காவை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, கண்ணாடியை மாட்டிய மருத்துவர் பல்லைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"பல்லுல கோடு கோடா இருக்கே. குறுக்கால. என்ன பண்ணீங்க?"

"தேச்சேன், டாக்டர்."

"எதால?"

"உப்புத்தாளால. இருக்கறதுலயே பொடித்தாள். ரொம்ப இல்ல, நாலு இழுப்புதான்."

மருத்துவர் நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாராம். இத்தனை ஆண்டுத் தொழிலில், மிட்டாய் தின்றுகொண்டே வந்தவர்களையும் பல்லைக் குண்டூசியால் குத்திக்கொண்டு வந்தவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். உப்புத்தாள் போட்டுக்கொண்டு வந்தவர் அக்கா ஒருவர்தான்.

"ஒட்டுற முகத்தைத் தேய்க்காம எப்படி டாக்டர்? சொரசொரப்பு இருந்தாத்தானே பிடிக்கும்?" என்றார் அக்கா. குரலில் தவறு செய்தவரின் தயக்கம் இல்லை. பாதி வேலையை முடித்துக் கொடுத்தவரின் திருப்தி இருந்தது.

"சொரசொரப்பு வேணும்தான். அதை நான் அமிலக் களிம்பால பண்ணுவேன். அது கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. நீங்க நாலு மாசமா ஊட்டி ஊட்டித் தேத்துனது மேல இருக்குற மெல்லிசான தோலைத்தான். அதைத்தான் தேச்சு எடுத்திருக்கீங்க. கீழ பழைய நோஞ்சான்தான் இருக்கு. இப்ப ஒட்டுனா பழைய கதைதான்."

மருத்துவரே அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினார். திட்டவில்லை. முதலிலிருந்து தொடங்கலாம் என்றார். கோடுகள் ஆழமில்லை என்றார். இனிப் பட்டறைச் சாமான் எதையும் முகத்துக்கு அருகே கொண்டுபோகக் கூடாது என்றும் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் இருவரும் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவரைப் பின்னால் உட்காரவைத்தால், பிரேக் பிடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் கால் தானாகத் தரையை அமுக்கும். அத்தான் அமுக்கிக்கொண்டே வந்தார். அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி சொன்னார்:

"இந்தப் பல்லு சரியானா நானும் நாலு பேரு மாதிரி வாய் விட்டுச் சிரிக்கலாம்னு இருந்தேன். என் கையாலயே கெடுத்துக்கிட்டேன்."

"சிரிக்கறதுக்கும் பல்லுக்கும் என்ன?"

"சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி பல்லை வச்சிக்கிட்டு ஊருக்கெல்லாம் காட்டவா சொல்றீங்க?"

"அந்தத் திட்டுக்காகவா? கல்யாணத்துல இருந்தேவா?"

"பின்ன எதுக்குன்னு நெனச்சீங்க?"

இரண்டு நிறுத்தங்கள் போயின. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள்.

"நான்னு நெனச்சேன்" என்றார் அத்தான்.

அக்கா திரும்பினார். "என்னது?"

"நான்தான் உனக்குச் சரிப்படலன்னு நெனச்சேன். கல்யாணத்துக்கு முந்தின போட்டோ எல்லாத்துலயும் சிரிச்சுக்கிட்டு இருக்க. அதுக்கப்பறம் ஒண்ணுலயும் இல்ல. உங்க பெரியம்மா கேக்குறப்பல்லாம், கேக்குறது நியாயந்தானேன்னு இருக்கும்."

"லூசா நீங்க?"

"பதினஞ்சு வருஷமா."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் கை வாய்க்குப் போனது. அத்தான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"விடுங்க. பஸ்ஸுல எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். டிக்கெட் எடுத்திருக்கோம்ல."

இந்த உரையாடலை அத்தான் என்னிடம் ஒருமுறைதான் சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எழுது. உங்க பெரியம்மாவுக்குப் படிச்சுக் காட்டு. என்மேல இருக்குற கேஸ் தள்ளுபடியாகட்டும்" என்றார்.

கால்சியம் களிம்பு தடவும் வேலை மீண்டும் தொடங்கியது. இம்முறை பாதுகாவலுக்கு ஆள் இருந்தது. பட்டறையிலிருந்து வந்ததும் அக்காவின் பையை மகள் சோதனையிடுவாள். உப்புத்தாள் துண்டு அகப்பட்டால் பறிமுதல். "அம்மா, நீ பீரோவைத் தேய். உன்னைத் தேய்க்காத" என்பாள். மழைக்காலம் முழுவதும் இப்படிக் கழிந்தது. மருத்துவர் அவசரப்படவில்லை. கோடுகள் மங்கிய பிறகும் ஒரு மாதம் கூடுதலாகத் தடவச் சொன்னார்.

ஒட்டிய நாளில் அறையின் மூலையில் நானும் நின்றிருந்தேன். மருத்துவர் பற்களைச் சுற்றி ரப்பர் விரிப்பைக் கட்டி எச்சில் படாதபடி மறைத்தார். உடைந்த விளிம்பில் நீலநிற அமிலக் களிம்பை வைத்துக் காத்திருந்தார். கழுவி, காற்றால் உலர்த்தினார். நல்ல எனாமல் என்றால் அந்த இடம் உறைபனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கும் என்று அக்காவிடம் முன்பே சொல்லியிருந்தார். இங்கே விளிம்பின் ஒரு பாதி மங்கியது. திட்டாக இருந்து தேறிய மறு பாதி மினுங்கிக்கொண்டே இருந்தது.

"தேறுன எடம் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்குது. உப்பு ஏறி இறுகிட்டதால அமிலம் சுலபத்துல பிடிக்கல. நல்லதுதான், கொஞ்சம் கூடுதல் நேரம் வச்சாப் போதும்" என்று சொல்லியவாறே அந்தப் பாதிக்கு மட்டும் மறுபடி களிம்பு வைத்தார்.

இரண்டாம் முறை கழுவி உலர்த்தியபோது விளிம்பு முழுவதும் ஒரே சீராக மங்கியிருந்தது. கைக்கண்ணாடியில் அதைப் பார்த்த அக்கா, வாய் கட்டப்பட்டிருந்ததால், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பசையைப் பூசி, ஊதி மெலிதாக்கி, நீல ஒளியைக் காட்டி இறுக்கினார் மருத்துவர். அதன்மேல் பல்லின் நிறத்திலேயே இருந்த ஃபில்லிங் கலவையை அரிசியளவு வைத்து, ஒளி காட்டி, மறுபடி வைத்து, மூலையைக் கட்டி எழுப்பினார். எல்லாம் முடிந்து மெருகேற்றும் சிறு வட்டை எடுத்தபோது, கையை நிறுத்தி அக்காவைப் பார்த்தார்.

"இதுவும் உப்புத்தாள் மாதிரிதான். ஆனா இதை நான் பண்றேன். சரியா?"

அக்காவின் கண்கள் மட்டும் சிரித்தன.

மூன்றாம் வாரம் முழுவதும் வீட்டில் யாரும் பல்லைப் பற்றிப் பேசவில்லை. பழைய துண்டுகளைக் கொட்டிவிட்ட தீப்பெட்டி அலமாரியில் காலியாகக் காத்திருந்தது. மூன்றாம் வாரம் கடந்தது. மூன்றாம் மாதமும் கடந்தது. அக்கா ரொட்டியை ஓரப்பல்லால் கடிக்கக் கற்றுக்கொண்டார். கத்தரிக்கோல் கழுத்திலேயே இருந்தது. முன்பு கேலி செய்த இரண்டு பேர் தாங்களும் ஒன்று மாட்டிக்கொண்டார்கள். ஓராண்டு கழித்துப் பரிசோதித்த மருத்துவர், ஒட்டின் விளிம்பில் ஊசிமுனையை ஓட்டி, எங்கும் தட்டவில்லை என்றார். தீப்பெட்டியில் மகள் தன் காதணிகளைப் போட்டுவைத்தாள்.

அதன்பிறகு பெரியப்பாவின் எண்பதாம் வயதை ஒட்டிக் குடும்பம் முழுவதும் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டது. வரிசைப்படி நிற்கவைத்த புகைப்படக்காரர், "நடுவுல நிக்கறவங்க கொஞ்சம் சிரிங்க" என்றார். நடுவில் நின்றவர் அக்கா. கர்வக் கட்சியும் கவலைக் கட்சியும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பின.

பின்வரிசையிலிருந்து அத்தானின் குரல் வந்தது: "சிரிச்சுடும்மா. இல்லாட்டி இன்னைக்கே பெரியத்தை என்னை உள்ள தள்ளிடுவாங்க."

கை வாய்க்குப் போகவில்லை. படத்தில் அக்காவின் மேல்வரிசை முழுவதும் தெரிகிறது. எந்த மூலை கட்டிய மூலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கிறது. பெரியம்மா காமிராவைப் பார்க்காமல், பின்னால் திரும்பி அத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் அந்தப் படத்தில் பெரியம்மாவின் கொண்டை மட்டுமே விழுந்திருக்கிறது.

பெரியப்பாவின் வரியை நான் அடிக்கவில்லை. முன்னோர் எழுதியதை அடிக்கும் உரிமை எனக்கில்லை. அதன் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன்: கர்வமும் இல்லை, கவலையும் இல்லை; பல். பிறகு, ஒட்டு நிற்கும் காலம். அந்த இரண்டாவது வரியை மட்டும் ஆண்டுதோறும், பரிசோதனை முடிந்து அக்கா வீடு திரும்பிய பின், திருத்தி எழுதுகிறேன். இந்த ஆண்டு எழுதியது:

ஒன்பது ஆண்டுகள்.